கிடங்கு வாசலில் மூன்று பீப்பாய்

உலகச் சண்டை முடிந்து ஒரு வருஷமாகியும், செஞ்சியில் குண்டு விழும் என்று காத்துக்கொண்டிருந்தவை மூன்று பீப்பாய்கள் மட்டும்தான். சர்க்கார் விதைக் கிடங்கின் வாசலில், தீப்பிடித்தால் அணைக்கவென்று தண்ணீர் நிரப்பி வைத்தவை. அவற்றில் வளர்ந்தது சாதாரணக் கொசு இல்லை. சாயங்காலம் கிளம்பினால் ராஜகிரிக் கோட்டை மலையே மறைந்துபோகும். அனந்தபுரம் பஸ் வழி தெரியாமல் இரண்டு தடவை ஏரிக்குள் இறங்கியிருக்கிறது.

மீனம்பாளுக்கு அதெல்லாம் பெரிதில்லை. கிடங்குக்குப் பின்னால் அவளுடைய கடலைக்கொல்லை. ஓரத்து மொட்டைப்பனையில் ஒரு ஜோடி மைனா. கம்பளிப்பூச்சியைக் கொத்தித் தின்று விளைச்சலைக் காத்தவை அவைதான். போன வருஷம் மூன்று குஞ்சுக்கும் கண்ணைச் சுற்றி மிளகு மிளகாகக் கொப்புளம் கண்டு, பார்வை போய், இரை எடுக்காமல் செத்தன. கொசு கடித்துத்தான் பறவைக்கும் அம்மை பரவுகிறது என்றார் மாட்டு டாக்டர். அன்றே வீட்டுப் பின்கட்டில் கொட்டாங்கச்சி முதல் உடைந்த சட்டி வரை கவிழ்த்தாள். ஆட்டுக்கல் குழியைக்கூடத் துடைத்து வைத்தாள். இந்த வருஷம் பனையில் மறுபடி இரண்டு குஞ்சு.

பீப்பாயில் நெளிந்த புழுவைக் கையில் அள்ளி, கிடங்கு குமாஸ்தா ராஜாங்கத்திடம் காட்டினாள். கொட்ட உத்தரவில்லை என்றார். மண்ணெண்ணெயாவது ஊற்றச் சொன்னாள். அது ரேஷனாம். மேலே எழுதச் சொன்னாள். இத்தனை நாள் ஏன் எழுதவில்லை என்று கேட்பார்களாம்.

"தீப்புடிச்சா மட்டும்தாம்மா இத்தத் தொடலாம். ரூலு அப்படி."

"என் மைனாக்குஞ்சு கண்ணு அவிஞ்சுபோனா, உங்க ரூலு வந்து பூச்சி பொறுக்குமா?"

"மைனாவப் பத்தி ரூல்ல ஒண்ணும் இல்லியே."

மீனம்பாளுக்குக் காது மடல் கொதித்தது. குடியானவள் கொட்டாங்கச்சித் தண்ணீரைக்கூட விடாமல் கவிழ்க்க வேண்டும். சர்க்கார் பீப்பாய் பீப்பாயாகக் கொசு வளர்க்கலாம், கேட்டால் ரூலாம். விறுவிறென்று போய், ஒரு கட்டுக் காய்ந்த பனையோலையைத் தூக்கிவந்து வாசலில் போட்டுக் கொளுத்தினாள்.

"ஐயா, தீப்புடிச்சிருக்குது," என்றாள்.

திட்டிக்கொண்டே ராஜாங்கம் மூன்று பீப்பாயையும் காலி செய்தார். பிறகு ரூல்படி திரும்ப நிரப்பினார். அவள் தடுக்கவில்லை. முட்டை கொசுவாக எட்டு நாளாவது ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஏழாம் நாள், அடுத்த வெள்ளிக்கிழமை, இன்னொரு கட்டு ஓலையோடு வந்தாள். அதற்கடுத்த வெள்ளியும் வந்தாள்.

நான்காவது வெள்ளி, அவள் கட்டை இறக்குவதற்குள் ராஜாங்கமே பீப்பாய்களை உருட்டிக் கவிழ்த்துவிட்டு, தீ அணைக்கப்பட்டது என்று ரிஜிஸ்தரில் எழுதினார்.

"குஞ்சு ரெண்டும் பறந்துடுச்சா, இன்னும் இல்லியா?"

"ஒண்ணு பறந்துடுச்சு. இன்னொண்ணுக்கு இன்னும் ஒரு வெள்ளிக்கெழம வேணும்."