பர்சோன் வந்த சிறுத்தை

பத்மப்ரியாவுக்குப் பிறந்த ஊரான கோயம்புத்தூரிலேயே வேலை கிடைத்துவிட்டது. வருகிறாளா இல்லையா என்று திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும். ஹைதராபாத்தை விட்டு நகர மனமில்லாத அவள் கணவன் கிருஷ்ணகுமார் அவளைத் தடுக்க வழி தேடினான். ஊரைப் பிடிக்க வைத்துவிட்டால் பெண்டாட்டி தங்கிவிடுவாள் என்று ஒரு மகா யோசனை. ஞாயிறு காலையில் போவன்பள்ளி வீட்டிலிருந்து நகருக்கு வெளியே இருக்கும் வனப் பூங்காவுக்குக் காரில் கூட்டிப் போனான். காடு, பள்ளத்தாக்கு, ஏதோ ஒரு நவாப் வேட்டைக்கு வந்து தங்கிய இடிந்த மாளிகை, எல்லாம் ஒரே டிக்கெட்டில்.

வாசலில் காவலாளி, "பர்சோன் சீத்தா ஆயா தா," என்றார்.

கிருஷ்ணகுமார் பள்ளிக்கூடத்திலேயே ராஷ்டிரபாஷா வரை இந்தி பாஸ் செய்தவன். அதைச் சொல்லிக்காட்டாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. "முந்தாநாள் சிறுத்தை வந்துச்சாமா," என்று மொழிபெயர்த்தான்.

"ஏனுங்க, இந்த ஊர்ல பர்சோன்னா..."

"இந்தியெல்லாம் எனக்குத் தெரியும் ப்ரியா. பயப்படாத, நான் இருக்கறேன்ல?"

அதோடு விட்டானா? சிறுத்தை எதிரே வந்தால் ஓடவே கூடாது, நின்று முறைக்க வேண்டும் என்று வழிநெடுக வகுப்பெடுத்தான். அவளோ மாளிகைச் சுவரில் ஏறியிருந்த கொடியைத் தடவிப் பார்த்தாள், பள்ளத்தாக்கைப் பார்த்தாள், "நல்லாத்தானுங்க இருக்குது," என்றாள். அவனுக்குப் பாதி ஜெயித்த சந்தோஷம்.

அப்போது புதர் சலசலத்தது.

பற்றியிருந்த அவள் கையை உதறிவிட்டு, துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று ஓடினான் நம் வீரன். வாசலுக்கு வந்து மூச்சு வாங்கிய பிறகுதான் தனக்கொரு பெண்டாட்டி உண்டு என்பதே ஞாபகம் வந்தது. திரும்பிப் போக வெட்கம். வெட்கத்தைவிடப் பயம் கொஞ்சம் கூடுதல்.

பத்மப்ரியா போனைப் பார்த்தபடி நிதானமாக நடந்து வந்தாள்.

"மயிலுங்க. பர்சோன்னா இந்த ஊர்ல முந்தாநாளும் ஆகும், பத்து வருசத்துக்கு முந்தியும் ஆகும். ஆபீஸ்ல மெட்டில்டா அக்கா சொன்னாங்க. அவங்க இந்த ஊரு மாரெட்பள்ளியிலயே பொறந்து வளந்தவங்க."

அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "அப்ப, கோயம்புத்தூருக்கு என்ன பதில் சொல்லப் போற?"

"வர்றேன்னு இப்ப நடந்து வர்ற வழியிலயே மெசேஜ் போட்டுட்டனுங்க," என்று காரில் ஏறினாள். "ஊரு தங்கமான ஊருங்க. எங்கப்பா கேட்டா, உங்க பொண்ணு ஊரு புடிக்காம வந்துட்டான்னு மட்டும் சொல்லிராதீங்க."