அடுப்புப் பக்கம், ஜன்னல் பக்கம்

நாரின் என்ற மலையூரின் நூலகப் பின்னறையில் அந்தக் குளிர்காலம் முழுவதும் ஆங்கிலம் இரண்டு பக்கமாகப் பிரிந்து கிடந்தது. நிலக்கரி அடுப்பை ஒட்டிய சுவரில் சினாரா டீச்சர் சாக்பீஸால் ‘டு’ என்று எழுதியிருந்தாள். எதிரே, காற்று புகும் ஜன்னலுக்கு மேலே ‘இங்’. அவள் ஒரு வினைச்சொல்லைச் சொல்வாள். அதற்கு அடுத்து வரும் வினைக்கு முன்னால் ‘டு’ நிற்குமா, வாலில் ‘இங்’ ஒட்டுமா என்று யோசித்து, எழுந்து அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும்.

யோசித்தவர்கள் குறைவு. வெளியே முழங்கால் அளவு பனி. சொல் எதுவானாலும் வகுப்பு அடுப்புப் பக்கமே நகரும்.

“என்ஜாய்க்கு டு வராதுன்னு நேத்துதானே தலையால அடிச்சுக்கிட்டேன்?”

“எனக்குத் தெரியும் டீச்சரம்மா,” என்பார் வேன் ஓட்டும் ஷர்ஷென். “என் முதுகுக்குத்தான் தெரியல.”

பெர்மெத் மட்டும் எப்போதும் ஜன்னலோரம். வகுப்பிலேயே சின்னவள் அவள். பெரியவர்கள் நிற்கும் சூடான இடத்தில் இளையவள் இடித்துக்கொண்டு நுழைவது அவள் வீட்டில் கேள்விப்படாத சங்கதி. ‘ஹோப்’ என்றால் ‘டு’ என்று மனசு சொல்லும். கால் ஜன்னலுக்குப் போகும். டீச்சர் அவள் பெயருக்கு நேரே தப்புப் போடுவாள். வீட்டில் சிவப்பு, நீலம் என்று வண்ணம் பிரித்து எழுதி மனப்பாடம் செய்தவளுக்கு, பிப்ரவரி முடிவதற்குள், தனக்கு உண்மையில் தெரியுமா தெரியாதா என்பதே குழம்பிப்போனது.

ஏப்ரலில் தேர்வு. தேறினால், மலையேற வரும் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதியில் வேலை, ஊரிலேயே இருக்கலாம். இல்லையென்றால் சித்தியோடு மாஸ்கோவுக்குப் போய்க் கிடங்கில் பெட்டி கட்ட வேண்டும். “டிக்கெட் போடட்டுமா, வேணாமா? ஒரு வார்த்தை சொல்லுடி,” என்று சித்தி தினமும் போனில் அரித்துக்கொண்டிருந்தாள்.

தேர்வும் அதேபோல் பக்கம் பார்த்துப் போய் நின்றுதான். ஏப்ரலானாலும் அன்று மறுபடி பனி கொட்டியது. பாதிச் சொற்களுக்கு ஜன்னலே சரியாக இருந்ததால் பெர்மெத் தப்பித்தாள். மீதியில் வழக்கம்போலக் கோட்டைவிட்டாள். இனி ஒன்று தப்பினாலும் மாஸ்கோதான்.

“கடைசி. ப்ராமிஸ்.”

எல்லோரும் அடுப்பைச் சூழ்ந்தார்கள். முழங்கால் வலிக்காரியான சயகுல், ஓய்வுபெற்ற நர்ஸ், அடுப்போடு ஒட்டி நின்றார். நடுவில் ஓர் ஆள் நுழைய இடமில்லை. பெர்மெத் ஜன்னலை நோக்கி இரண்டடி வைத்தாள். டீச்சரின் பேனா தாளைத் தொட்டது.

பெர்மெத் திரும்பினாள். காது மடல் எரிந்தது.

“பெரியம்மா... கொஞ்சம் தள்ளிக்கங்க. நான் இங்கதான் நிக்கணும்.”

சயகுல் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

“அடிப் பாவி! வாயில்லாத பொண்ணுன்னு நெனச்சேன். கை பாரு, ஐஸ்கட்டி மாதிரி! குளுரு உனக்குப் புடிக்கும், அதான் அங்க நிக்கிறேன்னு இருந்துட்டோமே.”

“நான் வேற, இந்தப் புள்ளைக்கு ரத்தம் சூடுன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன்,” என்றார் ஷர்ஷென்.

டீச்சர் சிரிக்காமல் சரி என்று குறித்தாள். குறித்த பிறகு சிரித்தாள்.

பெர்மெத் விடுதிக்குப் போய் ஏழு கோடை ஆகிவிட்டது. வெளிநாட்டுக்காரர்களுக்குப் பதில் எழுதும்போது சில சொற்களில் இன்னமும் விரல் தயங்கும். கண்ணை மூடுவாள். முதுகு கதகதத்தால் ‘டு’; இடது தோளில் சில்லென்று காற்றுப் பட்டால் ‘இங்’. அதற்குமேல் விதி எதுவும் அவளுக்கு நினைவில்லை.

போன மாதம் நூலகத்துக்குப் போனாள். அடுப்பை இடித்துவிட்டு, அறையைச் சூடாக்கச் சுவரோரம் வெந்நீர்க் குழாய் போட்டிருந்தார்கள். ஜன்னலும் புதுசு. அறை முழுக்க ஒரே சூடு. ‘இங்’ இருந்த இடத்தில் தோளைச் சாய்த்துச் சற்று நேரம் நின்று பார்த்தாள். காற்று வரவில்லை.