மெகருன்னிசா வாங்கிய இரண்டு கேபிள்கள்

1

உத்தமபாளையத்தில் ஒரு மின்சாமான் கடை. ஃபேன் கண்டன்சர் வாங்கப் போன இடத்தில் இந்தக் கதை காதில் விழுந்தது. எனக்குக் கதைகள் பேச்சாகத்தான் வரும். முகங்களைப் பிறகு ஒட்டவைப்பேன்.

"தவசி, ரேடியோ ஆன்டெனாவுக்குக் கேபிள் இருபது மீட்டர். மலைக்குத் தூக்கிட்டுப் போவணும்."

"அக்கா, தடியா, மெலிசா? தடி மூணு கிலோ. மெலிசு பைக்குள்ள அடங்கும். ஆனா முக்கால்வாசி சத்தத்த அதுவே தின்னுரும்."

"மெலிசே குடு."

அந்த அம்மாளுக்கு மெகருன்னிசா என்று பெயர் வைத்தேன். வயது அறுபத்திரண்டு. வீட்டிலிருந்தே வானலையில் பிறரோடு பேசும் ஹாம் ரேடியோவுக்கு உரிமம் வைத்திருப்பவள்.

2

கோம்பைப் பக்கத்துக் கரட்டுக் குன்றில், பனி விலகாத அதிகாலையில், மெகருன்னிசா—

(இல்லை. காலை பத்தரை. நல்ல வெயில்.)

உச்சியில் ஆன்டெனாவை நட்டுவிட்டு, இருபது மீட்டர் கீழே, நிழலில் உட்காருவாள். குரல் மலைத்தொடரைத் தாண்டி, கேரளத்து நெடுங்கண்டத்தில் இருக்கும் ஜான்சிக்குப் போகவேண்டும். பதினோரு வருடம் ஞாயிறுதோறும் ரேடியோவில் பேசியவர்கள். "அவிடெ மழை உண்டோ மெஹரே?" என்றுதான் ஜான்சி தொடங்குவாள். அதற்காகவே மெகர் இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் வானத்தைப் பார்த்து வைத்துக்கொள்கிறாள்.

[செல்போன் இல்லையா என்கிறீர்கள். இருக்கிறது. ஜான்சி எடுப்பதில்லை; ஞாயிற்றுக்கிழமை ரேடியோப் பேச்சும் நின்றுவிட்டது. அவள் கணவர் இறந்தபோது மெகர் போகவில்லை. சர்க்கரை கூடி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். துக்க வீட்டில் இதை வேறு எதற்குச் சொல்வது என்று சொல்லாமல் விட்டாள்.]

ரேடியோவில் ஒரு வழக்கம் உண்டு. யார் பெயரும் சொல்லாமல் பொதுவாக அழைக்கலாம்; கேட்டவர் பதில் தரலாம். கெஞ்சியதாக ஆகாது.

3

எல்லாம் சரி, கேபிள்தான் இடிக்கிறது. விவரம் தெரிந்தவள் மெலிசை வாங்குவாளா? அவளிடமே கேட்டேன்.

"மெலிசுல பதில் வரலேன்னா கேபிள் மேல பழியப் போடலாம். தடியில வரலேன்னா? அவளுக்குக் கேட்டுச்சு, வேணாம்னுட்டான்னு ஆயிருமே."

"அப்ப மெலிசோடயே போ."

"நாலு ஞாயிறு போயிட்டு வந்துட்டேன். நீங்கதான் எழுதல. இரைச்சலக் கேட்டுட்டு எறங்கி வாறது எத்தன நாளைக்கு?"

4

"வெட்டுன கேபிளத் திருப்பி எடுக்க மாட்டேங்க்கா."

"யாரு திருப்பிக் குடுத்தா? தடியக் குடு."

சுருளை மாலைபோலக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"என்னக்கா, எலெக்‌ஷன்ல ஜெயிச்சுட்டீகளா?"

"இன்னும் ஓட்டே எண்ணலப்பா."

5

'அவிடெ மழை உண்டோ மெஹரே?' என்று ஜான்சி—

அடித்துவிட்டேன். அது என் ஆசை.

இரைச்சல் மட்டும்—

இதையும் அடித்தேன். அது என் பயம்.

எழுத முடிந்தது இவ்வளவுதான்: மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுந்து கரடேறினாள். பொது அழைப்பைச் சொல்லி முடித்தாள். மைக்கின் பொத்தானை அழுத்தியிருக்கும்வரை நாம் பேசலாம். விட்டால்தான் எதிர்க்குரல் கேட்கும்.

"சொல்லியாச்சுல்ல, கைய எடு தாயி."

"நீங்க எழுதுங்க, எடுக்கேன்."

எனக்குத் துணிவில்லை. அழுத்தி அழுத்தி அவள் கட்டைவிரல் வெளுத்துவிட்டது. நீங்கள் சொன்னால் எடுப்பாள்.