சுவரில் மிதந்த பச்சைப் புத்தகம்

புத்தக அலமாரி என்றால் நாலு பக்கம் பலகை, ஐந்து தட்டு, பின்னால் ஒரு பிளைவுட். முப்பது வருடமாக அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். அது போதாதாம். இப்போது புத்தகம் மரத்தில் காய்க்க வேண்டும், படிக்கட்டுக்குள் ஒளிந்துகொள்ள வேண்டும், அந்தரத்தில் தொங்க வேண்டும். படிப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அதை வைத்துச் செய்ய வேண்டும்.

இந்த வீட்டுக்கு டிசைன் போட்டவனுக்கு நான் வைத்த பெயர் கூலிங்கிளாஸ். அது எப்போதும் தலைமேல்தான் இருக்கும், கண்ணுக்கு இறங்கி நான் பார்த்ததில்லை. ஹால் சுவர் முழுக்கக் கிளை விட்ட மரம் மாதிரி ஒரு ஷெல்ஃப் வரைந்து எடுத்து வந்தான். ஒரு கிளைகூட நேராக இல்லை.

"இவ்வளவு சரிவா இருந்தா புக்கெல்லாம் வழுக்கி விழுமே சார்?"

"விழட்டும் பாஸ். அந்த ஃபீல்தான் நமக்கு வேணும்."

அடப்பாவி! ரசமட்டம் வைத்துப் பார்த்து, கோணலாகத்தான் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு நான் பலகை அடித்தது அன்றுதான்.

வீட்டுக்காரர் அவனுக்கும் ஒரு படி மேல். புத்தகங்களின் முதுகு ஆளுக்கொரு கலரில் கண்ணை உறுத்துகிறதாம். எல்லாவற்றையும் திருப்பி, தாள் பக்கம் வெளியே தெரியும்படி அடுக்கச் சொன்னார்.

"அப்புறம் எது எந்த புக்குன்னு எப்படிங்க தெரியும்?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சு என்ன பண்ணப்போறோம்?" என்று சிரித்தார். பெருமையாக வேறு சிரித்தார்.

மனுஷி என்று சொல்ல அந்த வீட்டில் ஒருவர்தான் இருந்தார். வீட்டுக்காரரின் அக்கா. முப்பத்தைந்து வருடம் பிரசவ வார்டில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் அளவெடுக்க வந்த முதல் நாளே பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிட்டார். தன் கையில் வந்த சிக்கலான பிரசவங்களை எல்லாம், எங்கே தவறினோம், எப்படிப் பிழைக்க வைத்தோம் என்று பதினோரு வருடமாக ஒரு நோட்டில் எழுதி வந்தாராம். நர்ஸிங் பள்ளிக்காரர்கள் அதை அச்சுப் போடப் போகிறார்களாம். சனிக்கிழமை அங்கிருந்து ஒரு டீச்சர் வந்து வாங்கிப் போவாராம்.

"வேற காப்பி கிடையாது தம்பி, எல்லாம் கையெழுத்து. பெயிண்ட் அடிக்கிறோம்னு என் ரூம்ல இருந்ததை எல்லாம் அள்ளிட்டு வந்து ஹால்ல இருக்கிற அந்தப் புக் குவியல்ல போட்டுட்டாங்க. முட்டி வலி, குனிஞ்சு தேட முடியல. தடியா ஒரு நோட்டு. கண்ணுல பட்டா எடுத்துக் குடுங்க."

"அதுக்கென்னம்மா, குடுத்துட்டாப் போச்சு" என்றேன். டேப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சுவரில் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை கூலிங்கிளாஸுக்கு அடுத்த ஞானோதயம். சோஃபாவுக்கு மேலே பலகையே இல்லாமல் புத்தகங்கள் காற்றில் மிதக்க வேண்டும். இதில் மாயம் ஒன்றும் இல்லை. எல் வடிவத்தில் ஓர் இரும்புப் பட்டையைச் சுவரில் அடிப்போம். அதன் இன்னொரு கையை அடிப் புத்தகத்தின் கடைசித் தாள்களுக்குள் புதைத்து ஸ்க்ரூ போட்டு, பின் அட்டையை ஒட்டி மறைத்துவிடுவோம். மேலே நாலைந்து புத்தகங்களை அடுக்கினால் தாங்குவது எது என்று பார்ப்பவர்களுக்குத் தெரியாது. அடியில் இருக்கிற புத்தகம் மட்டும் காலி.

"அடியில எதைங்க வைக்கிறது?"

"தடியா இருக்கணும் பாஸ். பச்சையா இருந்தா சோஃபாவுக்கு மேட்ச் ஆகும்" என்றான் கூலிங்கிளாஸ்.

"குவியல்ல ஏதாவது ஒண்ண எடுத்துக்கோங்க. யாரு படிக்கப்போறா?" என்றார் வீட்டுக்காரர்.

எடுத்தேன். பச்சைத் துணி பைண்டிங், நாலு விரல் தடிமன், கையில் தூக்கினால் நல்ல கனம். பின் அட்டையைத் திறந்தேன். வெற்றுத் தாள். ஏழெட்டுத் தாள் தள்ளினேன். அதுவும் வெறும் தாள்தான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடேங்கப்பா, ஒரு எழுத்துகூட இல்லாததையும் காசு கொடுத்து வாங்கி அடுக்கியிருக்கிறார்களே, இதுகளெல்லாம் திருந்தவா போகிறது! பட்டை பின்பக்கம்தான் உட்காரும், முன்பக்கத்தைப் புரட்ட எனக்கென்ன வேலை? பட்டைக்கு உளியால் குழி எடுத்தேன். தாள் தொங்காமல் இருக்க மூன்று ஓரத்திலும் பசையை ஊறவிட்டு, கிளாம்ப் போட்டு இறுக்கினேன். மறுநாள் பட்டையைச் சுவரில் அடித்து, புத்தகத்தை அதில் செருகி, முன் அட்டை வழியாக நாலு நீள ஸ்க்ரூவைப் பட்டை வரைக்கும் முடுக்கினேன். ஒரு மில்லிமீட்டர்கூட ஆடவில்லை. மனசுக்குள் என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில் கூலிங்கிளாஸ் ஏதோ பத்திரிகைக்காக ஒரு போட்டோகிராபரைக் கூட்டி வந்திருந்தான். டீச்சரும் சொன்னபடி வந்து சோஃபாவில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரரின் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டே என்னிடம் வந்தார்.

"தம்பி, அந்த நோட்டு கண்ணுல பட்டுச்சா? பச்சைத் துணி பைண்டிங். இன்னும் எழுதலாம்னு பின்னாடி கொஞ்சம் தாள் விட்டு வெச்சிருந்தேன்."

என் கண் தானாகச் சோஃபாவுக்கு மேலே போனது. பக்கத்தில் நின்ற வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். சட்டென்று என் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

"வாயத் தொறக்காதீங்க. பெயிண்டர் ஆளுங்க பழைய பேப்பரோட போட்டுட்டாங்கன்னு சொல்லிக்கலாம். அக்கா ரெண்டு நாள் அழும், அப்புறம் சரியாயிடும். போட்டோ முடியட்டும்."

சீ, இவனெல்லாம் ஒரு தம்பி! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பொய் எனக்கும் வசதியாகத்தான் இருந்தது. அடுப்பு மேடையில் கையை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் அதைப் பற்றி யோசிக்கவும் செய்தேன். பிறகு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனேன்.

"பாஸ், பாஸ், ஃப்ரேம்ல வராதீங்க!" என்று கூலிங்கிளாஸ் கத்தினான். நான் காதில் வாங்கவில்லை. மேலே இருந்தவற்றை இறக்கி டீச்சர் பக்கத்தில் வைத்துவிட்டு, நாலு ஸ்க்ரூவையும் கழற்றிப் பச்சை நோட்டைப் பிடுங்கி, ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவின் மடியில் வைத்தேன்.

அவர் முன் அட்டையைத் தூக்கினார். முதல் தாள் பாதி கிழிந்து அட்டையோடு வந்தது. குண்டு குண்டான கையெழுத்தில் நாலு வரி தெரிந்தது. அதற்கு அடியில் எல்லாம் சேர்ந்து ஒரே பலகையாக இறுகிக் கிடந்தது. நடுவில் நாலு ஓட்டை. நகத்தை விட்டு ஓரத்தைக் கிள்ளிப் பார்த்தார், வரவில்லை.

"ஆவி காட்டினா பிரியுமாங்க?" என்று டீச்சர் கேட்டார்.

என் பசையைப் பற்றி எனக்குத் தெரியும். "பிரியாதும்மா" என்றேன்.

"அக்கா, இவருதான் பார்க்காம எடுத்து..." என்று வீட்டுக்காரர் ஆரம்பித்தார். அந்த அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"நான்தாம்மா பண்ணேன். பின்னாடி தாள் வெறுமையா இருந்துச்சு. இந்த வீட்ல ஒருத்தரும் புக்கத் தொறக்க மாட்டாங்கன்னு நெனச்சு..."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"நானும் அப்படித்தான் நெனச்சேன் தம்பி. அதான் இவங்க யாருகிட்டயும் நோட்டைத் தேடச் சொல்லல. உங்ககிட்ட மட்டும் சொன்னேன்."