அடுப்படிக்குப் போய் வந்த பால்

டப்பாவில் வரும் குழந்தைப் பால்பவுடரில் புரதம் எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வதுதான் பன்னிரண்டு வருடமாக என் வேலை. ஊர்க் குழந்தைகள் குடிக்கிற பாலுக்கெல்லாம் நான் கையெழுத்துப் போடுகிறேன். என் குழந்தை மட்டும் என் கையால் குடிக்காது.

நாத்தனார் கையால் குடிக்கும்.

எனக்குப் பால் நின்று, வேலைக்குத் திரும்ப வேண்டிய நேரத்தில் உதவிக்கு வந்தவள் அவள், என் கணவரின் தங்கை. வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் அவள் குரல் கேட்டாலே என் மகள் கையைக் காலை உதறிச் சிரிக்கிறாள். நான் வேலை முடிந்து ஓடி வந்து கையை நீட்டினால், யாரோ விருந்தாளி வந்திருக்கிறார் என்று பார்க்கிறாள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

தினமும் காலையில் நான்தான் புட்டியில் பால் கலக்குவேன். இரண்டு வாய் உறிஞ்சிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். “குடுங்க அண்ணி, சூடு பாத்துட்டு வரேன்” என்று நாத்தனார் புட்டியை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போவாள். திரும்பி வந்து அவள் கொடுத்தால் கடைசிச் சொட்டுவரை உள்ளே போய்விடும். அதற்குமேல் ஓர் ஏப்பம் வேறு. எனக்கென்றே விட்ட ஏப்பம் மாதிரி இருக்கும்.

அடுப்படியில் என்ன நடக்கும்? சர்க்கரைதான், வேறென்ன. இனிப்பைக் காட்டி என் பிள்ளையை வளைத்துப் போடுகிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அன்று காலை, நான் கலக்கிய பாலில் கொஞ்சத்தை முன்கூட்டியே ஒரு சின்னக் குப்பியில் எடுத்து வைத்தேன். நாத்தனார் அடுப்படிக்குப் போய் வந்து கொடுக்க ஆரம்பித்ததும், பாதியில் புட்டியைப் பிடுங்கி இன்னொரு குப்பியிலும் ஊற்றினேன். குழந்தை வீறிட்டது.

“என்ன பண்ற நீ?” என்றார் கணவர்.

“உங்க தங்கச்சி பால்ல சர்க்கரை கலக்குறா. லேப்ல போட்டுப் பாக்கப் போறேன்.”

நாத்தனார் முகம் செத்துப்போனது. “சாயங்காலம் நீங்க வந்ததும் நான் ஊருக்குக் கிளம்புறேன் அண்ணி” என்றாள். அவள் போனால் நான் வேலையை விட வேண்டியதுதான். அதுகூட அப்போது பெரிதாகத் தெரியவில்லை, ஜெயித்தால் போதும் என்றிருந்தது.

ஆய்வகத்தில் என் பாலுக்கு ஒன்று, அவள் பாலுக்கு இரண்டு என்று எண் போட்டேன். சர்க்கரைகளைத் தனித்தனியாகக் காட்டும் கருவியில் இரண்டையும் செலுத்தினேன். பாலுக்கே உரிய லாக்டோஸ் இரண்டிலும் உயரமாக எழுந்து நின்றது. கடைச் சர்க்கரை வர வேண்டிய இடத்தில் கோடு படுத்தே கிடந்தது. கருவிமேல் எனக்குக் கோபம் வந்தது.

விடுவேனா? இரண்டிலும் கொஞ்சம் எடுத்து, ஓவனில் வைத்துத் தண்ணீரையெல்லாம் ஓட்டிவிட்டு, மிஞ்சியதை நிறுத்தேன். ஒன்றில் பதினாறு சதவீதம். இரண்டில் பதின்மூன்று. எழுந்து குதிக்காத குறைதான். தண்ணீர் ஊற்றியிருக்கிறாள்! பச்சைக் குழந்தையின் பாலில் தண்ணீர்! வாயெல்லாம் பல்லாகச் சிரித்தேன் என்பதை மறைக்க மாட்டேன்.

பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்தார். “டப்பால போட்டிருக்கிற அளவுப்படி கலக்கினா எவ்வளவு வரணும்?”

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதின்மூன்று.

“அப்போ ரெண்டாவதுதானே சரி? மொதல் சாம்பிளத்தான் எவனோ கண்ணு மண்ணு தெரியாம கலக்கியிருக்கான்.”

எங்கள் வீட்டில் வாங்கும் அதே பவுடர் சோதனைக்கும் வந்திருந்தது. அதை, டப்பாவோடு வரும் ஸ்பூனால் வீட்டில் செய்கிறபடியே அள்ளித் தராசில் கொட்டினேன். டப்பாவில் போட்டிருக்கும் எடையைவிட, ஒரு ஸ்பூனுக்கு ஒரு கிராமுக்கு மேல் கூடுதலாக இருந்தது.

“ஸ்பூனை எதுக்கு மேடம் தட்டுறீங்க? அடர்த்தி பாக்குறப்பதானே தட்டுவோம்?” என்றார் அவர்.

பவுடரை அளவுக் குழாயில் போட்டு, இடைவெளி இல்லாமல் இறங்கும்வரை தட்டித் தட்டி அடர்த்தி பார்ப்பது எங்கள் வழக்கம். பன்னிரண்டு வருடத்தில் அது கையோடு ஊறிவிட்டது. தலைதட்டி அளக்கச் சொன்னால், நான் அடியைத் தட்டி, இறங்கிய இடத்தில் இன்னும் கொஞ்சம் நிரப்பியிருக்கிறேன். நாத்தனார் வெளியே போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாள் முழுக்க என் பாலையே குடித்துவிட்டுக் குழந்தை முக்கி முக்கி அழுதது ஞாபகம் வந்தது.

வீட்டுக்குப் போனபோது நாத்தனார் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தை அவள் மடியில் இருந்தது. கணவர் இன்னும் வரவில்லை.

“தப்பு என்னோடது. நான்தான் கெட்டியா கலக்கியிருக்கேன். நீ தண்ணி ஊத்திச் சரி பண்ணியிருக்க” என்றேன்.

“தண்ணி ஊத்தலை அண்ணி. எவ்வளவு ஊத்தணும்னு எனக்கென்ன தெரியும்? கொட்டிட்டுப் புதுசா கலக்கினேன்.”

“தினமுமா?”

“தினமும்தான். ஸ்பூனை அழுத்தக் கூடாது, தட்டக் கூடாதுன்னு டப்பாவுலயே போட்டிருக்கே.”

“என்கிட்ட சொல்றதுக்கென்ன?”

“இதையே படிச்சு, இதையே வேலையா பாக்குறவங்க நீங்க. உங்ககிட்ட நான் எப்படிச் சொல்றது?”

“காலையில அவ்வளவு பேசினேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாமே?”

“அண்ணன் நின்னுட்டிருந்தாரே.”

நன்றி சொல்ல வேண்டிய இடம். எனக்கு வந்ததோ பொறாமைதான், முன்பைவிட ஒரு பங்கு கூடவே. என் பிள்ளையின் வயிற்றையும் இவளே பார்த்துக்கொண்டாளா, என் மானத்தையும் இவளே காப்பாற்றிவிட்டாளா! அடுப்படிக்குப் போய், ஸ்பூனைத் தட்டாமல், மேல்மட்டத்தைக் கத்தியால் வழித்துப் பால் கலக்கிக்கொண்டு வந்தேன்.

“உன்னப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. இருந்தாலும் போகாத” என்றேன்.

“தெரியும் அண்ணி.” குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்தாள். வைத்த பிறகும் அவள் கை உடனே விலகவில்லை. “எனக்கும் உங்களப் பாத்தா அப்படித்தான் இருக்கு.”