ஒரே தண்ணீர்

தொட்டியின் பிளக்கைப் பிடுங்கித்தான் அவருடைய பெட்டிக்குக் கரண்ட் கொடுத்தார்கள். கூடத்தில் உருப்படியாக இருந்தது ஒரே பிளக் பாயிண்ட். இன்னொன்றில் எதைச் சொருகினாலும் பொறி பறக்கும். ஆள் கூப்பிட வேண்டும், ஆள் கூப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சொல்லிக்கொண்டே போயும் சேர்ந்தார்.

"மீனெல்லாம் செத்துடாதாம்மா?" என்று கேட்டான் குளிர்பெட்டி கொண்டுவந்தவன்.

"மீனே கெடையாது. வெறும் செடிதான்" என்றாள் அவர் மனைவி.

"வெறும் செடிக்கா இவ்ளோ பெரிய தொட்டி?"

கல்யாணமான புதிதில் அவளும் இதையேதான் கேட்டாள். அன்றைக்குக் கிடைத்த பதில் சாயங்காலம்வரை நீண்டது. இவன் விவரமானவன், பதிலுக்கு நிற்காமல் சொருகிவிட்டான். தொட்டியின் விளக்கு அணைந்தது. மோட்டார் ஒருமுறை கனைத்துவிட்டு அடங்கியது. குளிர்பெட்டி உறுமத் தொடங்கியது. இப்போது கூடத்தில் இரண்டு கண்ணாடிப் பெட்டிகள், ஒன்றில் அவர், ஒன்றில் செடிகள். வந்தவர்கள் இரண்டையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நாற்காலி தேடினார்கள்.

தணிக்கை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் தெருவில் யாரைக் கேட்டாலும் தொட்டிக்காரர் என்றால்தான் தெரியும். நேற்று சாயங்காலம் தொட்டியின் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், கையில் நீளமான இடுக்கி. தொட்டியைப் பார்க்க உட்கார்ந்துவிட்டால் கூப்பிட்டாலும் திரும்பமாட்டார். அதனால் ஆள் இல்லை என்று தெரிய, அவள் வைத்த டீ ஆறும்வரை ஆயிற்று.

ஜன்னல் வழியாக அவள் வாசலைப் பார்த்தாள். எதிர்வீட்டு மரத்தடியில் அவள் மகள், பெரியவள், நின்றுகொண்டிருந்தாள், தோளில் துணிப்பை. தெருமுனையில் அவள் புருஷன், ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடி, தலையில் இன்னும் ஹெல்மெட். இங்கே கேட்டை அடைத்தாற்போல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் கொழுந்தனார். வருகிறவர்களை வரவேற்கிறாராம்.

"தம்பி, அவள உள்ள விடுங்க" என்று காலையிலேயே சொல்லிப் பார்த்தாள்.

"அண்ணி, அண்ணன் எங்கிட்ட என்ன சொன்னார்னு உங்களுக்கே தெரியும். அவ என் மொகத்துல முழிக்கக் கூடாதுன்னார். அவர் வாக்க நான் மீற முடியுமா?"

அண்ணன் சொன்ன வேறு எந்த வாக்கையும் அவர் காப்பாற்றியதாக யாருக்கும் ஞாபகம் இல்லை. இந்த ஒன்றை மட்டும் பொன்போலப் பாதுகாத்து வைத்திருந்தார்.

பெரியவள் கல்யாணம் செய்துகொண்டது 'நம்ம ஆளுங்க' இல்லாத ஒருவனை. குற்றம் அவ்வளவுதான். அதே வாரத்தில்தான் சங்கத்தில் தொட்டிக்காரரின் பேச்சுக்குக் கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நீர்த்தாவர ஆர்வலர் சங்கம். 'ஒரே தண்ணீர்' என்பது தலைப்பு. வெளிச்சம் கேட்கும் சிவப்புச் செடியை நடுவில் வை, நிழல் கேட்பதை அதன் காலடியில் வை, உயரமாக ஓடுவதைப் பின்னால் வை. எங்கெங்கோ பிறந்ததெல்லாம் ஒரே தண்ணீரில் பிழைக்கும், வைக்கிறவனுக்கு மனசு வேண்டும் என்றார். அவளும் போயிருந்தாள், கடைசி வரிசையில். எல்லோரும் தட்டியபோது இவளும் தட்டவேண்டியதாயிற்று.

அவருடைய தொட்டியில் இவள் கையும் உண்டு. கிழங்கோடு இருக்கும் ஒரு வகையை மண்ணில் புதைத்தால் அழுகிவிடும், மரக்கட்டையில் கட்டித்தான் வைக்க வேண்டும். கட்டியது இவள், இவளுடைய தையல் நூலால். சங்கத்துக்காரர்கள் வந்து பார்த்து, "முடிச்சே தெரியலையே சார்!" என்றால், "பொறுமை வேணும்" என்பார் அவர்.

பெரியவள் போனபிறகு இவளுக்கு அடிக்கடி கண் டாக்டரைப் பார்க்க வேண்டியிருந்தது. கண்ணில் ஒரு கோளாறும் இல்லாமல் வருஷக்கணக்காகக் கண் டாக்டரிடம் போனவள் இவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். ஒருமுறை, அவர் கத்தரித்து வாளியில் போட்டிருந்த செடிகளில் கொஞ்சம் பொறுக்கிக்கொண்டு போனாள். மகளும் ஒரு பழைய தொட்டி வாங்கி வைத்திருந்தாள். அடுத்த முறை இவள் புறப்பட்டபோது, பாத்திரம் கழுவும் இடத்தில் ஈரச் செய்தித்தாளில் ஒரு பொட்டலம் இருந்தது. கத்தரித்த கழிவு இல்லை, வேரோடு பிடுங்கிய நல்ல கன்றுகள். அதன்பிறகு ஒவ்வொரு தடவையும் பொட்டலம் இருந்தது. கண் டாக்டருக்குச் செடி எதற்கு என்று அவரும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

போன மாதம் பாசி பிடித்ததென்று தொட்டியில் ஏதோ மருந்து ஊற்றினார். மற்ற செடிகள் அசையவில்லை. பின்வரிசையில் திரைபோல் நின்ற நாடாச் செடி மட்டும் கூழாகக் கரைந்துபோயிற்று. ரிப்பன்போல நீள இலை, பார்க்க அழகு, அந்த மருந்து மட்டும் அதற்கு ஆகாதாம். ஊரில் இத்தனை பேருக்குச் சேர்மானம் சொல்லிக்கொடுத்தவர், புட்டியில் பொடி எழுத்தில் இருந்ததைப் படிக்கவில்லை. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அடுப்படிக்கு வந்து நின்றார்.

"கண் டாக்டர்ட்ட எப்போ போகணும்?"

அவளுக்குப் புரிந்தது. மகள் வீட்டில் நாடா காடாய் மண்டிக் கிடந்தது, எல்லாம் இவர் கொடுத்தனுப்பிய வம்சம். போனில் மகளிடம் சொன்னபோது, "வந்து வாங்கிட்டுப் போம்மா" என்றாள். ஒரு கட்டு கொண்டுவர எத்தனை நேரம்? ஆனால் கேட்கட்டும் என்றிருந்தது இவளுக்கு. மகள் பேரைச் சொல்லிக் கேட்கட்டும்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

அவர் தொட்டிக்குத் திரும்பிப் போனார்.

சங்கத் தலைவர் வந்ததும் கூடத்தில் ஒரு மரியாதை பரவியது. மாலையைப் பெட்டிமேல் வைத்தார். தொண்டையைச் சரிசெய்துகொண்டார். இங்கே மைக் இல்லையே என்ற குறை முகத்தில் தெரிந்தது.

"நண்பர்களே, இது தொட்டி அல்ல. ஒரு குடும்பம்! பத்து வகைத் தாவரங்கள், பத்து குணம். ஒன்றை ஒன்று வெறுக்காமல் வாழ வைத்த மாமனிதர் இங்கே உறங்குகிறார். எதையும் அவர் விலக்கியதில்லை. எல்லாவற்றுக்கும் ஓர் இடம் தந்தார்…"

"வாசல்ல ஒண்ணு நிக்குதுங்க" என்றாள் அவள்.

தலைவர் நின்றார். "என்னம்மா?"

"பதினொண்ணாவது. அதுக்கு மட்டும் எடம் குடுக்கல. வண்டி வர்றதுக்குள்ள அதயும் உள்ள கூப்புட்டுட்டு மிச்சத்தப் பேசுங்க."

யாரோ இருமினார்கள். கொழுந்தனார் வாசலிலிருந்து வேகமாக உள்ளே வந்தார். "அண்ணி! நாலு பேர் இருக்கற எடத்துல… அண்ணன் என்ன சொன்னார்? மொகத்துல முழிக்கக் கூடாதுன்னு…"

"அவர் முழிக்கப் போறதில்ல தம்பி. பயப்படாதீங்க."

அவள் கொழுந்தனாரைத் தாண்டிப் போய், கேட்டருகே கிடந்த நாற்காலியை ஒரு கையால் ஓரத்துக்கு இழுத்தாள். சிமெண்டில் அது கிறீச்சிட்டது. "வா" என்றாள் தெருவைப் பார்த்து. தெருமுனையைப் பார்த்து இன்னும் உரக்க, "நீங்களும் வாங்க மாப்ள. அந்தத் தலைல இருக்கறதக் கழட்டிட்டு வாங்க."

பெரியவள் அழவில்லை. பெட்டிமேல் குனிந்து, கண்ணாடியில் படிந்த ஈரத்தைத் துடைத்துப் பார்த்தாள்.

"எளச்சிட்டாரு."

"ம்."

"லைட்ட ஏம்மா அணச்சீங்க?"

"பிளக் ஒண்ணுதான இருக்கு."

பெரியவள் துணிப்பையிலிருந்து ஈரச் செய்தித்தாள் பொட்டலம் ஒன்றை எடுத்தாள். மடித்திருந்த விதமும் அவர் மடிப்பதுபோலவே இருந்தது. பிரித்தாள். பச்சை நாடாக்கள் முழ நீளத்துக்குத் துவண்டு விழுந்தன.

"இப்ப இதெல்லாம் அவசியமா?" என்றார் கொழுந்தனார்.

தலைவருக்குத் தாங்கவில்லை. துக்கத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கிட்டே வந்தார். "அடடா, என்ன ஆரோக்கியம்! இது எந்தத் தொட்டிலம்மா வளந்தது?"

"இந்தத் தொட்டிலதான் சார்" என்றாள் பெரியவள்.

மகளே அதை இருட்டுத் தண்ணீரில் போட்டாள். நட நேரமில்லை. வண்டி வந்துவிட்டது. தலைவரின் பேச்சு பாதியிலேயே நின்றுபோனதை அவரைத் தவிர யாரும் கவனிக்கவில்லை.

மின்மயானத்தில் வேலை சீக்கிரம் முடிந்தது. அங்கே வெளியே, ஸ்கூட்டர் பக்கத்தில், பெரியவள் முந்தானையால் கைகளைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அவரா கேட்டாராம்மா? நாடா வேணும்னு?"

இவள் தூரத்தில் புகைபோக்கியைப் பார்த்தாள்.

"கண் டாக்டர்ட்ட எப்போ போகணும்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

இவள் ஸ்கூட்டரில் தொங்கிய ஹெல்மெட்டை எடுத்து மாப்பிள்ளையிடம் நீட்டினாள். பெரியவள் ஏறி உட்கார்ந்தபின், "இனிமே ஒனக்குக் கண் டாக்டர் வேணாம்ல" என்றாள். வண்டி புறப்பட்டுவிட்டது.

இவள் வீட்டுக்கு வந்தபோது குளிர்பெட்டியை எடுத்துப் போயிருந்தார்கள். அது இருந்த இடத்தில் தரை ஈரமாக இருந்தது. பிளக் பாயிண்ட் காலியாக இருந்தது. குனிந்து தொட்டியின் பிளக்கைச் சொருகினாள். மோட்டார் கனைத்தது, விளக்கு வந்தது. நாடா மேலே மிதந்துகொண்டிருந்தது. வேர்கள் தண்ணீரில் தொங்கின. மோட்டாரின் ஓட்டம் அதைக் கொண்டுபோய் ஒரு மூலையில் முட்டியது.

அவள் கையைத் தண்ணீருக்குள் விட்டாள். முழங்கைக்கு மேல் ரவிக்கைக் கை நனைந்தது. பின்வரிசையில், வெறுமையாக இருந்த இடத்தில், வேரை மணலுக்குள் அழுத்தினாள். கையை எடுத்ததும் அது மேலே வந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடி வந்தது. மண்ணு கெட்டிப்படற வரைக்கும் வெரல எடுக்காத என்று அவர் சங்கத்தில் புதிதாகச் சேர்கிறவர்களிடம் சொல்வார். அவளிடம் எதையும் நடச் சொன்னதில்லை. நூல் கட்டத்தான் கூப்பிடுவார்.

மூன்றாம் முறை அழுத்தி, விரல்களை அப்படியே வைத்துக்கொண்டாள்.

"அண்ணி, எல்லாரும் சாப்ட உக்காந்தாச்சு" என்றார் கொழுந்தனார் உள்ளேயிருந்து. "உங்களுக்காகத்தான் வெயிட்டிங்."

"வரேன்" என்றாள்.

தண்ணீர் சில்லிட்டிருந்தது. நாடாவின் இலை ஒன்று ஓட்டத்தில் வளைந்து வந்து மணிக்கட்டில் ஒட்டி, விலகி, மறுபடி ஒட்டியது. அவள் கையை எடுக்கவில்லை.