கடைசி டேங்க்

விஸ்வநாதனுக்குக் காரைப் பற்றித் தெரிந்த அளவுக்கு மனிதர்களைப் பற்றித் தெரியாது என்று உமா மகேஸ்வரி நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அது தப்பு என்று அவளுக்குத் தெரியவந்தது ஓர் ஆடி மாதக் காலையில், ஐந்தருவிக்குப் போகிற ஏற்றத்தில்.

பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற வருஷம் அவர் அந்தச் சின்னக் காரை வாங்கினார். மனைவி பெயரில் வாங்கினால் ராசி என்று யாரோ சொல்ல, உமா பெயரிலேயே பதிவு செய்தார். அவள் பெயரில் இருந்தது ஆர்.சி. புத்தகம் மட்டும்தான். மற்றபடி அந்த வண்டியில் ஏறுகிற ஈ எறும்புகூட அவரிடம் உத்தரவு வாங்கவேண்டும். செருப்பைத் தட்டிவிட்டு ஏறு, கதவை அறையாதே, பாட்டுப் போடாதே. பாட்டுப் போட்டால் எஞ்சின் பேசுவது கேட்காதாம்.

பெட்ரோல் விஷயத்தில் அவர் பண்ணிய அழும்பு குத்துக்கல்வலசை முழுக்கப் பிரசித்தம். தொண்ணூற்றைந்து ஆக்டேன் என்று எழுதிய பம்பில்தான் போடுவார். அது தென்காசியில் ஒரே ஒரு பங்கில்தான் கிடைத்தது. வழியில் மூன்று பங்குகளைத் தாண்டிப் போவார். வண்டிக்கு வேலை பார்க்கும் முகம்மது மீரான் ஒருநாள் பொறுக்கமுடியாமல் கேட்டே விட்டான்.

"அண்ணாச்சி, இந்த வண்டிக்கு சாதாவே போதும்னு கம்பெனி புக்குலயே போட்டிருக்கு."

"கம்பெனிக்காரன் ஐந்தருவி மேட்டுல ஓட்டிப் பாத்தானாடே?"

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கோபம் உமாவிடம் பாடமாக மாறியது. "ஏட்டி உமா, ஆக்டேன் கூடுனா வண்டி பறக்கும்னு நெனச்சுக்கிட்டுத்தான் பாதிப் பேரு போடுதான். அது பறக்கதுக்கு இல்ல. தாங்குததுக்கு. உள்ள போட்டு எவ்வளவு நெருக்குனாலும் பொறி வார வரைக்கும் பொறுமையா இருக்கும். சாதாவுக்கு அந்தப் பொறுமை கெடையாது. முந்திக்கிட்டு வெடிச்சிரும். அதான் மேட்டுல இடிக்குது."

உமா அரிசி களைந்துகொண்டே கேட்டாள். அவளுக்கு அப்போது அது வேண்டாத பேச்சு.

அவருக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் அவரைக் கூட்டிப் போவார்கள். அவர் பெயிண்டைப் பார்க்கமாட்டார், டயரைப் பார்க்கமாட்டார். வண்டியை நேரே ஐந்தருவி ஏற்றத்துக்கு விடச் சொல்வார். மூன்றாவது கியர், இருபது வேகம், ஆக்சிலேட்டரை ஒரே அழுத்து. கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருக்கும் முகம்மது சலீம் ஒருமுறை அப்படிக் கூப்பிட்டார். அன்றைக்கு உமாவும் பின்சீட்டில் இருந்தாள். விற்கிறவன் வண்டியைப் பிள்ளை மாதிரி வளர்த்ததாகச் சொல்லிக் கண்ணே கலங்கிவிட்டான். ஏற்றத்தில் எஞ்சின் கலகலவென்று இடித்தது. தகர டப்பாவுக்குள் நாலு கோலிக்குண்டைப் போட்டு ஆட்டின மாதிரி. விஸ்வநாதன் கண்ணைத் திறந்தார்.

"வே சலீமு, இவன் மனசுல இந்த வண்டிய வித்து ஒரு மாசம் ஆச்சு. கைய விட்டுப் போகப்போறதுக்கு எவனும் நல்ல பெட்ரோல் போடமாட்டான். கடைசி டேங்க்ல தெரிஞ்சிரும் வே, ஆளோட மனசு."

சலீம் அந்த வண்டியை வாங்கவில்லை. உமாவுக்கு அழுத மனுஷனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் விஸ்வநாதனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. பேச்சும் போனது. அதட்டி உருட்டிய வாயில் ஒரு 'ம்' மிச்சம் இருந்தது. இடது கை மட்டும் நன்றாக இருந்தது. அந்தக் கையை வைத்துக்கொண்டுதான் அவர் பிறகு வீட்டை ஆண்டார்.

இப்போது வண்டியை ஓட்டுகிறவள் உமா. அவள் பெட்ரோல் போட்டுவிட்டு வந்தால் போதும், படுக்கையிலிருந்து ஐந்து விரலையும் விரித்துக் காட்டுவார். தொண்ணூற்றைந்துதானே என்று கேள்வி. "அதான் போட்டேன்" என்பாள் அவள். இரண்டு வருஷமும் அது நிஜம். வண்டிக்கும் வயதாகி உள்ளே கரி பிடித்துவிட்டது, இனி சாதா போட்டால் நிஜமாகவே இடிக்கும் என்று மீரானும் ஒப்புக்கொண்டிருந்தான். மருத்துவமனைக்குப் போகும்போது முன்சீட்டில் உட்கார்ந்து, மேட்டில் வண்டி திணறினால் இடது கையால் டாஷ்போர்டில் இரண்டு தட்டுத் தட்டுவார். கியரை இறக்கு என்று அர்த்தம்.

காரை விற்றுவிடலாமே என்று மகள் ஸ்ரீவித்யா பெங்களூரிலிருந்து சொன்ன அன்றைக்கு, ஸ்டாண்டில் மாட்டியிருந்த இரண்டாவது சாவியை எடுத்துத் தரச் சொல்லிச் சைகை காட்டினார். அதை அரைஞாண் கயிற்றில் கோத்துக் கட்டவைத்தார். உமாதான் முடிச்சுப் போட்டாள். குளிக்கும்போதும் தூங்கும்போதும் சாவி அவர் இடுப்பிலேயே கிடந்தது. அது இருக்கிற வரைக்கும் வண்டி எங்கேயும் போகாது என்று அவருக்கு ஒரு தைரியம்.

உமாவுக்கு அறுபத்திரண்டு வயது. ஒரு நாளைக்கு எட்டுத் தடவை அவரைத் தூக்கிப் புரட்டவேண்டும். உதவிக்கு வந்த இரண்டு பேர் ஆளுக்கு ஒரு மாதத்தில் நின்றுகொண்டார்கள். சித்திரையில் அவளால் கட்டிலிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. டிஸ்க் விலகியிருக்கிறது, இனிமேலும் தூக்கினால் நீங்களும் படுக்கைதான் என்றார் டாக்டர். ஸ்ரீவித்யாவும் அவளும் பேசி, ஐந்தருவி தாண்டி ஒரு தோப்புக்குள் இருந்த பராமரிப்பு இல்லத்தில் அவருக்கு இடம் பிடித்தார்கள். அவரைச் சேர்த்துவிட்டு உமா பெங்களூர் போய் ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டும். அதன் பிறகு திரும்பி வந்து அவரைத் தூக்குகிற உடம்பு அவளுக்கு வரப்போவதில்லை. இது தாய்க்கும் மகளுக்கும் தெரியும். வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை.

அவரிடம் சொன்னது வேறு. முன்பு ஒருதரம் போனில் 'ஹோம்' என்ற வார்த்தை காதில் விழுந்ததற்கே மூன்று நாள் பட்டினி கிடந்தார். கட்டில் கம்பியைப் பிடித்த இடது கையை விடவில்லை. அதனால் எண்ணெய்த் தேய்ப்பு வைத்தியம், பத்தே நாள் என்று சொல்லியிருந்தாள். அவர் கண் முன்னாலேயே பத்து நாளைக்கு உண்டான வேட்டி சட்டையை ஒரு பையில் மடித்து வைத்தாள். மிச்சத் துணியை முந்தின நாளே ஒரு பெட்டியில் போட்டு ஆட்டோவில் கொடுத்தனுப்பிவிட்டாள். அவர் உள்ளே போய் நாலு நாள் பழகுகிற வரைக்கும் இந்தப் பொய் தாங்கவேண்டும். அவளுக்கு வேறு ஒன்றும் வேண்டியதில்லை.

காரையும் விற்கப் பேசி முடித்தாயிற்று. ஆய்க்குடிக்காரர், விஜய்பாண்டி என்று பெயர், புதிதாகக் கல்யாணம் ஆனவர். அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது வண்டியில் பெட்ரோல் விளக்கு எரிந்தது. வழியில் இருந்த முதல் பங்கிலேயே நுழைந்தாள்.

"சாதாவா பிரீமியமாம்மா? இங்கயும் இப்ப வந்துட்டு" என்று கேட்டாள் பம்பில் நின்ற பெண்.

"சாதாவே போடும்மா."

யோசித்துச் சொன்ன பதில் இல்லை. நாளைச் சாயங்காலம் வேறொருவர் வீட்டு வாசலில் நிற்கப்போகிற வண்டி. அதற்கு எதற்கு என்று மனசுக்குள் ஏதோ ஒன்று முந்திக்கொண்டது. மறுநாள் காலையில் அவர் வழக்கம் போல ஐந்து விரலைக் காட்டினார். உமாவும் வழக்கம் போல, "அதான் போட்டேன்" என்றாள்.

சாரல் பிடித்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் அவரைத் தூக்கி முன்சீட்டில் உட்காரவைத்தார்கள். கண்ணாடி எல்லாம் ஏற்றியிருந்ததால் வண்டிக்குள் எஞ்சின் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. குற்றாலம் பஜாரில் எண்ணெய் தேய்த்த உடம்போடு ஆட்கள் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு குறுக்கே நடந்தார்கள். விஸ்வநாதன் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார். முகத்தில் ஒரு தெளிவுகூட இருந்தது. வெளியே வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

"பத்து நாள் எண்ணெ தேச்சா கால் கொஞ்சம் வரும்னு சொல்லுதாங்க. வந்துட்டா நீங்களே ஓட்டலாம்லா" என்றாள். சொல்லியிருக்க வேண்டாம். பொய் சொல்ல ஆரம்பித்தால் கொஞ்சம் கூடுதலாகத்தான் வருகிறது.

"ம்" என்றார் அவர்.

ரம்புட்டான் கடைகளைத் தாண்டி ஏற்றம் தொடங்கியது. முன்னால் ஒரு கேரளா வேன் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஊர்ந்தது. உமா மூன்றாவது கியரில் இருந்தாள். இரண்டாவதுக்கு இறக்கியிருக்கவேண்டும். ஆனால் கிளட்சை மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் இடுப்பிலிருந்து கணுக்கால் வரைக்கும் மின்னல் மாதிரி வலி இறங்கியது. ஒரு மிதியை மிச்சம் பிடிக்கலாம் என்று ஆக்சிலேட்டரை அழுத்தினாள்.

எஞ்சின் இடித்தது. கலகலவென்று, அதே கோலிக்குண்டுச் சத்தம்.

விஸ்வநாதனின் தலை ஜன்னலிலிருந்து மெல்லத் திரும்பியது. அவர் அவளைப் பார்க்கவில்லை. டாஷ்போர்டைப் பார்த்தார். கண்ணை மூடினார். அப்புறம் இடது கை எழுந்து இரண்டு தட்டுத் தட்டியது. உமா பல்லைக் கடித்துக்கொண்டு கிளட்சை மிதித்துக் கியரை இறக்கினாள். சத்தம் நின்றது.

நின்றபிறகுதான் அவர் அவளைப் பார்த்தார். இடது கையைத் தூக்கி ஐந்து விரலையும் விரித்தார்.

"அதான் போட்டேன்" என்றாள் உமா. குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "உள்ள கரி பிடிச்சிருக்கும். பத்து நாள் கழிச்சு உங்களக் கூட்டிட்டுப் போகையில மீரான்கிட்ட காட்டிருவோம்."

விரித்த விரல்களை அவர் ஒவ்வொன்றாக மடக்கினார். மடியில் வைத்துக்கொண்டார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

அப்போதுதான் அவளுக்கு சலீமின் நினைவு வந்தது. இதே ஏற்றம். அவள் பின்சீட்டில் இருந்தாள். கடைசி டேங்க்ல தெரிஞ்சிரும் வே, ஆளோட மனசு. அவளுக்கே ஞாபகம் இருக்கும்போது அவர் எப்படி மறந்திருப்பார்? வண்டியைத் திருப்பிவிடலாமா என்று நினைத்தாள். திருப்ப இடம் இருந்தது. வீட்டுக்குப் போனால் மத்தியானம் அவரைத் தூக்கிப் புரட்ட ஆள் இல்லை. நேரே ஓட்டினாள்.

இல்லத்தின் வாசலில் சக்கர நாற்காலியோடு இரண்டு பேர் காத்திருந்தார்கள். கூடவே சங்கரம்மாள் என்ற மேற்பார்வைக்காரி. உமா இறங்கிச் சுற்றிவந்து அவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள். அவர் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார், அந்தக் கையை நான்கு பேர் சேர்ந்து பிரிக்கவேண்டிவரும் என்று அவள் பயந்துகொண்டிருந்தாள். அவர் எதையும் பிடிக்கவில்லை. இடது கையை வேட்டிக்குள் விட்டு அரைஞாண் கயிற்றை வெளியே இழுத்தார்.

சாவி தொங்கியது. ஒற்றைக் கையால் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார், முடியவில்லை. உமாவை நிமிர்ந்து பார்த்தார். நீயே அவிழ் என்று அர்த்தம்.

"இருக்கட்டுங்க. அது எதுக்கு இப்ப?"

அவர் கயிற்றைப் பிடித்த பிடியை விடவில்லை. உமா குனிந்தாள். அவள் போட்ட முடிச்சுதான். இரண்டு வருஷத் தண்ணீரிலும் வியர்வையிலும் இறுகிப்போயிருந்தது. நகம் நழுவியது. கண்ணில் நீர் நிறைந்து முடிச்சே தெரியவில்லை. ஒரு வேலை சுணங்கினால் குதிக்கிற மனுஷன், அவள் அவிழ்த்து முடிக்கிற வரைக்கும் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவர் திட்டியிருந்தால், கையைக் கடித்திருந்தால்கூட அவளுக்குத் தாங்கியிருக்கும்.

சாவி கழன்று வந்தது. அவர் அதை வாங்கி அவள் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களை மூடினார்.

"பத்து நாள்தான்" என்றாள் உமா.

அவர் தலையை ஆட்டினார். ஆமாம், பத்து நாள்தான் என்று. மூடிய அவள் கையின் மேல் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு ஆட்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சங்கரம்மாள் பையை எடுத்துக்கொண்டாள்.

திரும்பும்போது இறக்கம். உமா சாவியை இடது கைக்குள் பொத்தியபடி இரண்டாவது கியரிலேயே வந்தாள். ரம்புட்டான் கடைக்குப் பக்கத்தில் போன் அடித்தது. ஓரங்கட்டி எடுத்தாள். விஜய்பாண்டிதான்.

"மேடம், சாயங்காலம் வண்டி எடுக்க வாரோம். ஒண்ணு கேக்கணும், சாதா பெட்ரோல் போட்டா போதும்லா?"

"தொண்ணூத்தஞ்சு போடுங்க."

"சாதா போட்டா என்ன ஆகும்?"

"மேட்டுல இடிக்கும். காட்டிக் குடுத்திரும்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. சிரித்துவிட்டு அடுத்ததைக் கேட்டார். "அந்த ரெண்டாவது சாவி வாங்க ரெண்டு நாள் ஆகும்னு சொன்னீங்களே?"

உமா கையைத் திறந்து பார்த்தாள். சாவி அவர் இடுப்புச் சூடு ஆறாமல் இருந்தது.

"கெடச்சிட்டு" என்றாள். "அவரே குடுத்துட்டாரு."